கோபுரம், குழி, கம்பி: எந்தக் கதவைத் தட்டுவது?

பிரிக்பீல்ட்ஸின் முக்கியச் சாலைக்குத் துன் சம்பந்தனின் பெயர். மஇகா எனப்படும் மலேசிய இந்தியர் காங்கிரஸின் தலைவராக அவரை நினைவில் வைத்திருப்பவர்கள் பலர். 1959 முதல் 1971 வரை பொதுப்பணி, அஞ்சல், தொலைத்தொடர்பு அமைச்சராக இருந்தவரும் அவரே என்பது அவ்வளவாக யாருக்கும் நினைவிருப்பதில்லை. அந்தக் காலத்தில் தொலைபேசி என்றால் ஒரே இலாகா. கம்பம் நட்டதும், குழி தோண்டியதும், மாதாமாதம் பில் அனுப்பியதும் அரசாங்கம்தான். 1987 ஜனவரி 1-இல் அந்த இலாகா நிறுவனமாக மாறியது. பிறகு ஒன்றன்பின் ஒன்றாகத் தனியார் நிறுவனங்கள் வந்தன. இன்று அதே சாலையில் ஒரு கேபிள் பெட்டி நடைபாதையை அடைத்துக்கொண்டு நின்றால், அது யாருடையது என்று கண்டுபிடிப்பதிலேயே பாதி வேலை முடிந்துவிடும்.

குழப்பத்தின் வேர் அரசமைப்புச் சட்டத்தில் இருக்கிறது. அதன் ஒன்பதாவது அட்டவணை தொலைத்தொடர்பைக் கூட்டரசின் பட்டியலில் வைத்திருக்கிறது. நிலத்தையும் ஊராட்சியையும் மாநிலத்தின் பட்டியலில் வைத்திருக்கிறது. 1998-ஆம் ஆண்டுத் தொடர்பு, பல்லூடகச் சட்டத்தின்படி நிறுவனங்களுக்கு உரிமம் தருவது மலேசியத் தொடர்பு, பல்லூடக ஆணையம். அலைவரிசையும் சேவைத் தரமும் அதன் பொறுப்பு. ஆனால் அந்த உரிமத்தைக் கையில் வைத்துக்கொண்டு யாரும் கிள்ளானில் ஒரு கோபுரத்தைக் கட்டிவிட முடியாது. திட்ட அனுமதி, கட்டமைப்பு அனுமதி, சாலையைத் தோண்ட பெர்மிட் என எல்லாவற்றுக்கும் ஊராட்சி மன்றத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும். கோலாலம்பூர் மாநிலம் அல்ல, கூட்டரசுப் பிரதேசம். அங்கேயும் வாசல்கள் வேறு வேறுதான்: மண்ணுக்குக் கோலாலம்பூர் மாநகர் மன்றம், அதாவது எல்லோரும் சொல்லும் டிபிகேஎல், அலைக்கு ஆணையம்.

ஆகவே புகாரைக் கையில் எடுக்கும்போதே அது மண்ணைப் பற்றியதா, சேவையைப் பற்றியதா என்று பிரித்துக்கொள்ள வேண்டும். கோடு கிடைக்கவில்லை, இணையம் ஆமை வேகம், பில்லில் கூடுதல் தொகை போன்றவற்றை நகராண்மைக் கழக முகப்பில் கொண்டுபோய் நீட்டினால் அரைநாள்தான் வீணாகும். முதலில் நிறுவனத்திடமே புகார் செய்து அதன் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். பலன் இல்லையென்றால் தொடர்பு, பல்லூடகப் பயனீட்டாளர் மன்றம். அதற்கும் மேல் ஆணையம். அதன் புகார்த் தொலைபேசி 1-800-188-030. நிறுவனத்தின் புகார் எண் இல்லாமல் மேலே போனால், பெரும்பாலும் முதல் படிக்கே திருப்பி அனுப்பப்படுவார்கள். இந்த வகைப் புகாருக்கு இவ்வளவு போதும். இந்த அத்தியாயம் மண்ணைப் பற்றியது.

நடைபாதையிலிருந்து தொடங்கலாம். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தொடங்கப்பட்டது. அதன் தலைமையிடம் பிரிக்பீல்ட்ஸில்தான் இருக்கிறது. வெள்ளைக் கோலை ஊன்றி, தரையில் பதித்த புடைப்புக் கற்களைக் காலால் உணர்ந்து தினமும் நடப்பவர்கள் இந்த வட்டாரத்தில் நிறையப் பேர். 2010 அக்டோபர் 27-இல் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் இங்குள்ள லிட்டில் இந்தியாவைத் திறந்துவைத்தபோது வளைவுகளும் வண்ணங்களும் எல்லோர் கண்ணிலும் பட்டன. கண் தெரியாதவருக்கு அந்தச் சாலையின் அழகு அதன் கற்களில் இருக்கிறது. கேபிள் பதிக்கத் தோண்டியவர்கள் கற்களைப் பெயர்த்துவிட்டு மேலே வெறும் சிமெண்டைப் பூசிப் போனாலோ, புடைப்புக் கோட்டின் நடுவிலேயே ஒரு பெட்டியை நிறுத்தினாலோ, மற்றவர்களுக்கு அது அசௌகரியம். அவருக்கோ வழியே இல்லாமல் போகிறது. இதைச் சின்னப் புகார் என்று நினைத்து விட்டுவிடக் கூடாது.

இப்படிப்பட்ட இடத்தில் அக்தா 133 எனப்படும் 1974-ஆம் ஆண்டுச் சாலை, வடிகால், கட்டடச் சட்டம் கைகொடுக்கிறது. அதன் 46-ஆம் பிரிவு பொதுவழியை அடைப்பதைக் குற்றமாக்குகிறது. 2008-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் சட்டம் பொது இடங்களை மற்றவர்களுக்கு இணையாகப் பயன்படுத்தும் உரிமையை அவர்களுக்குத் தருகிறது. புகாரில் இந்த இரண்டையும் குறிப்பிட்டு எழுதினால், 'கவனிக்கிறோம்' என்ற ஒற்றை வரியோடு கோப்பை மூடுவது அதிகாரிக்கு அவ்வளவு எளிதாக இருக்காது.

தோண்டிய குழிக்கும் கணக்கு உண்டு. சாலையைத் தோண்டும் குத்தகையாளர் முன்கூட்டியே பெர்மிட் வாங்க வேண்டும். வைப்புத்தொகை கட்ட வேண்டும். வேலை முடிந்ததும் சாலையைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டும். சிலாங்கூரில் இந்த விண்ணப்பங்களை ஒருங்கிணைக்கக் கூசெல் என்ற மாநில நிறுவனம் இருக்கிறது. கோலாலம்பூரில் மாநகர் மன்றமே பார்க்கிறது. கூட்டரசுச் சாலையாக இருந்தால் பொதுப்பணி இலாகாவின் கையில். குடியிருப்பாளர் செய்ய வேண்டியது ஒன்றுதான், ஆனால் அதை வேலை நடக்கும்போதே செய்ய வேண்டும்: தளத்தில் வைத்திருக்கும் அறிவிப்புப் பலகையைப் படம் எடுத்துக்கொள்வது. குத்தகையாளர் யார், யாருக்காகத் தோண்டுகிறார், பெர்மிட் எண் என்ன என்பதெல்லாம் அதில் இருக்கும். வேலை முடிந்து பலகை போன பிறகு, மூன்று நிறுவனங்கள் தோண்டிய ஒரே சாலையில் எந்தப் பள்ளம் எவருடையது என்று நிறுவ யாராலும் முடியாது. பலகையே இல்லாமல் தோண்டுகிறார்களா? அதையே முதல் புகாராக எழுதலாம். வைப்புத்தொகை திருப்பித் தரப்படும் முன்பு புகார் போய்ச் சேர்ந்தால் மன்றத்தின் கையில் பிடி இருக்கும். பணம் திரும்பிய பிறகு வெறும் கடிதப் போக்குவரத்துதான்.

அடுத்தது கோபுரம். கிள்ளான் பள்ளத்தாக்கில் நகராண்மைக்கும் மக்களுக்கும் இடையே அதிகமாகச் சூடேறும் விஷயம் இது. ஒரே தாமானில் ஒரு சந்தில் இருப்பவர்கள் வீட்டுக்குள் கோடு கிடைக்கவில்லை என்று மனு கொடுப்பார்கள். அடுத்த சந்தில் இருப்பவர்கள் வீட்டுக்குப் பின்னால் எழும் கோபுரத்தை எடுக்கச் சொல்லி மனு கொடுப்பார்கள். இரண்டு தரப்பும் உண்மையைத்தான் சொல்கின்றன. அரசாங்கம் 2020-இல் இணைய வசதியை விரிவாக்கும் ஜெண்டேலா திட்டத்தை அறிவித்தது. 2021 டிசம்பரில் கோலாலம்பூர், புத்ராஜெயா, சைபர்ஜெயாவில் 5ஜி தொடங்கியது. அலையின் அதிர்வெண் கூடக்கூட அது எட்டும் தூரம் குறையும் என்பதால், கோபுரங்களும் கூரை ஆண்டெனாக்களும் வீடுகளை நோக்கி நெருங்கி வருவதைத் தவிர்க்க முடியாது.

எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் கதிர்வீச்சைத்தான் முதலில் வைக்கிறார்கள். அந்தப் பயத்தை யாரும் ஏளனம் செய்யக் கூடாது. 2011-இல் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு ரேடியோ அலைகளை '2பி' பிரிவில், அதாவது புற்றுநோயை உண்டாக்கக்கூடும் என்ற ஐயத்துக்குரிய பொருள்களோடு சேர்த்தது. அதே உலகச் சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட குறிப்பில், கோபுரங்களிலிருந்து மக்கள்மீது படும் அலையின் அளவு அனைத்துலக வரம்பில் 0.002 விழுக்காட்டிலிருந்து 2 விழுக்காடு வரைதான் இருப்பதாக ஆய்வுகள் காட்டின என்றது. 900 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அந்த வரம்பு ஒரு சதுர மீட்டருக்கு 4.5 வாட், 1,800 மெகாஹெர்ட்ஸுக்கு 9 வாட். மலேசிய ஆணையத்தின் கட்டாயத் தர விதியும் இதே அனைத்துலக வரம்பைப் பின்பற்றியது. ஆகவே கவலை இருந்தால் அளவீடு செய்யச் சொல்லி ஆணையத்துக்கு எழுதலாம். அளந்த தாளைக் கேட்டு வாங்கலாம். நகராண்மையிடம் அலையை அளக்கும் அதிகாரமும் இல்லை, கருவியும் இல்லை. அமெரிக்காவில் இது சட்டமாகவே இருக்கிறது: 1996-ஆம் ஆண்டுத் தொலைத்தொடர்புச் சட்டத்தின்படி, கூட்டரசு வரம்புக்குள் இருக்கும் கோபுரத்தை அலையின் விளைவைக் காரணம் காட்டி ஊராட்சி மறுக்க முடியாது. இங்கே அப்படி எழுதப்படவில்லை என்றாலும், கதிர்வீச்சை மட்டுமே சொல்லும் மனு நகராண்மையின் மேசையில் பலவீனமானது.

பலமான மனு இடத்தைப் பற்றிப் பேசும். இந்தக் கோபுரத்துக்குத் திட்ட அனுமதி இருக்கிறதா? தற்காலிக பெர்மிட் என்றால் அது புதுப்பிக்கப்பட்டதா? விளையாட்டுத் திடலுக்கு ஒதுக்கிய நிலத்திலா நிற்கிறது? விழுந்தால் எந்தக் கூரைமேல் விழும்? சிலாங்கூரில் அக்தா 172 எனப்படும் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டத்தின் 19-ஆம் பிரிவு அனுமதி இல்லாத மேம்பாட்டைத் தடுக்கிறது. அக்தா 133-இன் 72-ஆம் பிரிவு அனுமதியின்றி எழுந்த கட்டுமானத்தை இடிக்க உத்தரவிடும் அதிகாரத்தை மன்றத்துக்குத் தருகிறது. இந்தக் கேள்விகளுக்கு மன்றம் பதில் சொல்லியாக வேண்டும். கோபுர வேலியில் தொங்கும் தகட்டில் உரிமையாளரின் பெயரும் தள எண்ணும் இருக்கும். அதைக் குறித்துக்கொண்டு, மன்றத்தின் ஓஎஸ்சி எனப்படும் ஒருமுனை அனுமதிப் பிரிவிலோ திட்டமிடல் பிரிவிலோ எழுத்து மூலம் விசாரிக்கலாம். கோபுரத்தின் உரிமையாளர் தொலைபேசி நிறுவனமாகவே இருக்க வேண்டியதில்லை. கோபுரங்களை மட்டுமே கட்டி வாடகைக்கு விடும் எடோட்கோ போன்ற நிறுவனங்கள் இருக்கின்றன. ஆளைத் தவறாக எழுதிய மனு மாதக்கணக்கில் அலையும்.

அண்டை வீட்டாருக்கு நோட்டீஸ் வரும், வந்ததும் ஆட்சேபிக்கலாம் என்று காத்திருப்பது ஆபத்து. அக்தா 172-இன் 21-ஆம் பிரிவு 21 நாள் ஆட்சேப நோட்டீஸ் பற்றிப் பேசுகிறது. ஆனால் உள்ளூர்த் திட்டம் இல்லாத பகுதிகளுக்குத்தான் அது கட்டாயம். உள்ளூர்த் திட்டம் வந்துவிட்ட பகுதியில் அந்த வாசல் தானாகத் திறப்பதில்லை. அங்கே மக்களின் குரல் திட்டத்தை வரையும்போதே, அதைப் பொதுப் பார்வைக்கு வைக்கும் வாரங்களிலேயே போய்ச் சேர வேண்டும். அந்த வாரங்களில் மன்றக் கட்டடத்தில் விரித்து வைக்கும் வரைபடங்களைப் பார்க்கப் போகும் தமிழர்கள் குறைவு. குடியிருப்பாளர் சங்கங்களும் கோயில் நிர்வாகங்களும் இதை ஒரு கடமையாக எடுத்துக்கொள்ள வேண்டும்.

போராடினால் பலன் உண்டா என்று கேட்பவர்கள் தாமான் துன் டாக்டர் இஸ்மாயிலைப் பார்க்கலாம். 2010 மார்ச்சில் யூனிஃபை ஃபைபர் இணையம் முதலில் வந்த நான்கு வட்டாரங்களில் அது ஒன்று. அந்த வகையில் தொலைத்தொடர்பின் செல்லப்பிள்ளை. அங்கே தாமான் ரிம்பா கியாரா பூங்காவில் அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் தந்த அனுமதியை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரல் 18-இல் கூட்டரசு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. மேம்பாட்டு ஆணை ரத்தானது. வழக்கு கோபுரத்தைப் பற்றியது அல்ல. ஆனால் திட்ட அனுமதியைக் குடியிருப்பாளர்கள் கேள்வி கேட்கலாம் என்பதற்கு இதைவிட வலுவான உதாரணம் கோலாலம்பூரில் இல்லை. நீதிமன்றச் சீராய்வுக்கு முடிவு தெரிந்த நாளிலிருந்து மூன்று மாதம்தான் அவகாசம். ஆகவே கடிதம் எழுதிப் பதிலுக்குக் காத்திருக்கும்போதே நாள்காட்டியையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அதே தாமானில் ஒரு சாலைக்கு ஆதி நாகப்பன் பெயர். மன்றத்தில் மக்களுக்காகப் பேச யார் இருக்கிறார்கள் என்ற கேள்வி அவரைத் தொடாமல் முடியாது. 1952-இல் கோலாலம்பூர் மக்கள் வாக்களித்து நகராண்மை உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1965-இல் இந்தோனேசிய மோதலைக் காரணம் காட்டி நாடு முழுவதும் ஊராட்சித் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. அதே ஆண்டு செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அரச ஆணையம் அமைந்தது. 1968-இல் அவர் முடித்த அறிக்கை, தேர்தல் வழி வந்த ஊராட்சியே வேண்டும் என்று பரிந்துரைத்தது. அரசாங்கம் அதை ஏற்கவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முற்றுப்புள்ளி வைத்தது. ஒரு தமிழர் இவ்வளவு உழைத்து எழுதிய அறிக்கை கிடப்பில் போனதன் விலையை, வீட்டெதிரே கோபுரம் முளைக்கும்போது யாரிடம் சொல்வது என்று தெரியாமல் நிற்கும் குடும்பம் இன்றும் கொடுக்கிறது.

இருக்கும் ஏற்பாட்டைப் பயன்படுத்துவதில் கிள்ளானுக்கும் பிரிக்பீல்ட்ஸுக்கும் வித்தியாசம் உண்டு. கிள்ளான் 2024 பிப்ரவரி 5-இல் அரச மாநகர் மன்றமானது. அங்கே மாநில அரசு நியமிக்கும் மன்ற உறுப்பினர்கள் இருக்கிறார்கள். சட்டப்படி 8 முதல் 24 பேர் வரை. ஒவ்வொரு வட்டாரத்துக்கும் ஓர் உறுப்பினர் பொறுப்பு. ஊராட்சிச் சட்டத்தின் 23-ஆம் பிரிவின்படி மன்றக் கூட்டம் பொதுமக்களுக்குத் திறந்தது. விலக்கித் தீர்மானம் போட்டால் ஒழிய யாரும் போய் உட்காரலாம். ஜாலான் தெங்கு கிளானாவில் கடை வைத்திருப்பவர் தன் கடை வாசல் பெட்டி பற்றிய மனுவை வட்டார உறுப்பினரிடம் கொடுத்துவிட்டு, அது பேசப்படும் கூட்டத்தில் நேரில் உட்கார்ந்திருந்தால் அந்த மனுவுக்குக் கனம் கூடும். பிரிக்பீல்ட்ஸில் அப்படி உறுப்பினரே கிடையாது. டிபிகேஎல்லில் டத்தோ பண்டாரும் ஓர் ஆலோசனை வாரியமும்தான். ஆகவே அங்கே மனுவின் நகல் நாடாளுமன்ற உறுப்பினரின் சேவை மையத்துக்கும் போக வேண்டும். அடு@கேஎல் புகார் முறையில் பதிந்த எண்ணும் அதில் இருக்க வேண்டும். எந்த ஊரானாலும் மனு மலாயில் இருப்பது நல்லது. படம், தேதி, பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண் மூன்றும் இருந்தால் அதிகாரி இடத்தைத் தேடி அலைய வேண்டியதில்லை.

அடுக்குமாடியில் இருப்பவர்களுக்கு இன்னொரு வாசல். கூரையில் ஆண்டெனா வைக்க நிர்வாகக் குழு வாடகை வாங்குகிறது. அது எவ்வளவு, எங்கே போகிறது என்று வீட்டு உரிமையாளர்களுக்குத் தெரிவதில்லை. அல்லது கட்டடத்துக்குள் ஒரே ஒரு நிறுவனத்தின் ஃபைபர் மட்டும் வர, மற்றவர்களுக்கு வழி விடுவதில்லை. 2013-ஆம் ஆண்டு ஸ்ட்ராத்தா நிர்வாகச் சட்டத்தின்படி பொதுச் சொத்து எல்லா உரிமையாளருக்கும் உரியது. கணக்கைக் கேட்கவும் ஆண்டுக் கூட்டத்தில் கேள்வி எழுப்பவும் உரிமை உண்டு. குழு மசியாவிட்டால் கட்டட ஆணையரிடம் போகலாம். சிஓபி என்று எல்லோரும் சொல்லும் அந்த அலுவலகம் ஊராட்சி மன்றத்திலேயே இருக்கிறது. பணத் தகராறு என்றால் ஸ்ட்ராத்தா தீர்ப்பாயம் 250,000 ரிங்கிட் வரை விசாரிக்கும். பெரும்பாலான சண்டைகள் அவ்வளவு தூரம் போவதில்லை. வாடகை ஒப்பந்தத்தின் நகலைக் கேட்டு ஒரு கடிதம் எழுதினாலே பல குழுக்கள் கணக்கைக் காட்டத் தொடங்குகின்றன.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடா மூழ்கியபோது மின்சாரம் போனது; மின்சாரத்தை நம்பியிருந்த தொடர்பும் தடுமாறியது. கூரைமேல் நின்றவர்கள் கைப்பேசியில் மிஞ்சிய சார்ஜை எண்ணிக்கொண்டிருந்தார்கள். தாழ்வான வட்டாரத்தில் புதிய பெட்டி வைக்கிறார்கள் என்றால், அதை வெள்ள மட்டத்துக்கு மேலே உயர்த்தி வைக்கச் சொல்லி மன்றத்திடம் கேட்கும் நேரம் அனுமதிக்கு முந்திய நேரம்தான். நிவாரண மையமாகும் பள்ளியிலும் பொது மண்டபத்திலும் கோடு கிடைக்கிறதா என்று வறண்ட மாதத்திலேயே சோதித்து, கிடைக்காவிட்டால் மன்றத்துக்கும் ஆணையத்துக்கும் ஒரே கடிதமாக எழுதலாம்.

கடைசியாக, விளக்குக் கம்பத்திலும் பேருந்து நிறுத்தத்திலும் வீட்டு வாசல் கதவிலும் ஒட்டியிருக்கும், ஆலோங் எனப்படும் உரிமமற்ற வட்டிக்காரர்களின் விளம்பரங்கள். இது தொலைத்தொடர்பா என்று சிலர் கேட்பார்கள். அந்தச் சீட்டில் ஒரு பெயரும் ஒரு கைப்பேசி எண்ணும் தவிர வேறெதுவும் இருப்பதில்லை. எண்ணை முடக்கினால் சீட்டு செத்த காகிதம். கிள்ளான் பள்ளத்தாக்கின் மன்றங்கள் சீட்டுகளைக் கிழிப்பதோடு நிற்காமல், எண்களைத் தொகுத்து ஆணையத்துக்கு அனுப்பித் துண்டிக்கச் சொல்வது இதனால்தான். மன்றத்தின் சொந்தத் தண்டனைக்குப் பல் குறைவு: துணைச் சட்டத்தை மீறினால் ஊராட்சிச் சட்டப்படி அதிகபட்சம் 2,000 ரிங்கிட் அபராதம் அல்லது ஓராண்டுச் சிறை, அல்லது இரண்டும். உரிமமின்றிக் கடன் கொடுப்பதற்கோ 1951-ஆம் ஆண்டுக் கடன் கொடுப்போர் சட்டம் 250,000 முதல் 10 லட்சம் ரிங்கிட் வரை அபராதமும், ஐந்தாண்டு வரை சிறையும் வைத்திருக்கிறது. ஆனால் அந்தக் குற்றத்தை நிறுவுவது காவல் துறையின் வேலை.

எனவே குடியிருப்பாளர் சீட்டைக் கண்டதும் கோபத்தில் கிழித்துப் போடாமல், எண் தெளிவாகத் தெரியும்படி முதலில் படம் எடுத்துக்கொள்ள வேண்டும். எந்தக் கம்பம், எந்தத் தேதி என்று குறித்துக்கொண்டு, அதன் பிறகு கிழிக்கலாம். ஒரு தாமானின் எண்களைச் சங்கச் செயலாளர் ஒரே பட்டியலாக்கி மாதம் ஒருமுறை மன்றத்தின் அமலாக்கப் பிரிவுக்கு அனுப்பினால், தனித்தனிப் புகார்களைவிட வேகமாகக் காரியம் நடக்கும். வீட்டில் யாராவது அந்த எண்ணை ஏற்கெனவே அழைத்துக் கடன் வாங்கியிருந்து, மிரட்டல் அழைப்புகள் வரத் தொடங்கியிருந்தால், நகராண்மைக்குப் போக வேண்டாம். அழைப்புப் பதிவையும் வங்கி மாற்று ரசீதுகளையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே காவல் நிலையத்தில் ரிப்போர்ட் செய்து, அதன் நகலைக் கையோடு வாங்கிவர வேண்டும்.